சமீபத்தில் நீங்கள் படித்த ஃபேண்டஸி நாவல், பார்த்த ஃபேண்டஸி படம் எது? படம் நாவல் அளவுக்கு இருந்ததா?

கேள்வியோடு "பெரியவர்கள் படிக்கிற மாதிரி இருந்தால் நல்லது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் வீட்டிலும் யாரோ "இந்த வயசுல மாயாஜாலக் கதையா?" என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு 41 வயது, பத்து வயதில் ஒரு மகள் இருக்கிறாள். என்னை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்கட்டும், நீங்கள் படியுங்கள்.

நான் விமர்சகர் இல்லை. ராத்திரி பாத்திரம் கழுவி அடுப்பைத் துடைத்த பிறகு கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் படிக்கிறவள். அதனால் இதெல்லாம் என் சொந்த அபிப்பிராயம், அவ்வளவுதான்.

மனதில் நின்றவற்றில் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஹௌல்ஸ் மூவிங் காசில்' நாவலை டயானா வின் ஜோன்ஸ் 1986ல் எழுதினார். ஹயாவோ மியாசாகி அதை 2004ல் அனிமேஷன் படமாக எடுத்தார். எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது, ஆனால் இரண்டும் வேறு வேறு கதைகள். நாவலில் அந்தக் கோட்டைக் கதவின் கைப்பிடியைக் கறுப்பு நிறத்துக்குத் திருப்பினால் வேல்ஸ் நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பத்து வீட்டு வாசல் வரும். படத்தில் அதே கறுப்பு, போர் நடக்கும் இருட்டுக்குத் திறக்கிறது. மூத்த பெண்ணாகப் பிறந்தால் வாழ்க்கையில் எதுவும் உருப்படாது என்று சோஃபி நம்பிக்கொண்டிருப்பது நாவலில்தான் ஆழமாக இருக்கிறது. நானும் வீட்டில் மூத்தவள், அதனால் எனக்கு நாவல் ஒரு படி மேல்.

இன்னொன்று 'உல்ஃப்வாக்கர்ஸ்', 2020ல் வந்த அயர்லாந்துப் படம். கதை 1650ல் கில்கென்னி ஊரில் நடக்கிறது. மதில் சூழ்ந்த ஊரை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த மாதிரி நேர்கோடுகளில் வரைந்திருக்கிறார்கள். காட்டுக்குள் போனால் பென்சில் கோடுகளை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த வித்தியாசத்தை நான் சொல்வதற்கு முன்னாலேயே என் மகள் கண்டுபிடித்துவிட்டாள். அவசியம் பாருங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். உர்சுலா லெ குவின் 1968ல் எழுதிய 'எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ'.

தீவுகளால் ஆன ஓர் உலகம். கோண்ட் என்ற மலைத் தீவில் ஆடு மேய்க்கும் ஒரு சிற்றூர். அங்கே வெண்கல வேலை செய்யும் கொல்லருக்கு ஒரு மகன், தாயில்லாப் பிள்ளை. இறந்துபோன அம்மாவின் சகோதரி ஆட்டைக் கூப்பிடுவதற்காகச் சொன்ன மந்திரத்தை ஒரே தடவை கேட்டுத் திருப்பிச் சொல்ல, ஆடுகள் எல்லாம் வந்து அவனைச் சுற்றி நெருக்கிக்கொள்கின்றன. அங்கே தொடங்குகிறது. பிறகு மந்திரம் கற்றுத்தரும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். பள்ளிக்கூடம் என்றதும் உங்களுக்கு வேறொரு பிரபலமான கதை ஞாபகம் வரும். இது அதற்குக் கிட்டத்தட்ட 30 வருடம் முந்தியது. அங்கே கர்வத்தில், இன்னொருவனிடம் தோற்றுவிடக்கூடாது என்ற வீம்பில், செத்தவரை எழுப்பப் போய் ஒரு கறுத்த நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். அது அவன் முகத்தைக் கிழித்துவிட்டுப் போகிறது. மீதிக் கதை முழுக்க அந்த நிழல் அவனைத் துரத்துவதும், பிறகு அவன் திரும்பி நின்று அதைத் துரத்துவதும்தான். முடிவைச் சொல்ல மாட்டேன். இருநூறு பக்கம் சொச்சம்தான், நீங்களே படித்துவிடலாம்.

முதல் தடவை இதைக் கல்லூரியில் படித்தேன், ஒரு தோழி பழைய புத்தகக் கடையில் வாங்கித் தந்த பிரதி. அந்தப் பிரதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்த்த ஒருவர் "என் பையனுக்கு" என்று கேட்டு வாங்கிப் போனார். மூன்று மாதம் கழித்துக் கேட்டேன், "இன்னும் படிச்சிட்டு இருக்கான்" என்றார். ஒரு வருடம் கழித்துக் கேட்டேன், "அதை அப்பவே குடுத்துட்டேனே" என்றார். அதில் அந்தத் தோழி என் பிறந்தநாளுக்கு எழுதிக் கொடுத்த நாலு வரி இருந்தது. அவள் இப்போது உயிரோடு இல்லை. புத்தகத்தைத் திரும்ப வாங்கிவிடலாம், அந்தக் கையெழுத்தை எங்கே போய் வாங்குவது? இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு அது ஒரு பொருளாகவே தெரிவதில்லை. பாத்திரம் வாங்கினால் மறுநாள் அதில் ஏதாவது போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம், புத்தகம் என்றால் மட்டும் கேட்கிறவள் அல்பமாகிவிடுகிறாள். சரி, விட்டுவிடுகிறேன். இது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது.

இந்தக் கோடை விடுமுறையில் புதிதாக வாங்கி, மகளுக்கு ராத்திரி மொட்டை மாடியில் படித்துச் சொன்னேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தி படிப்பேன், அதைத் தமிழில் சொல்வேன். கதையில் ஒவ்வொருவருக்கும் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அதை உயிருக்கு உயிரானவர்களைத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டார்கள், தெரிந்தவன் ஆளையே கட்டுப்படுத்திவிடலாம். வெளியே கூப்பிட வேறு பெயர். நம் ஊரில் வீட்டுப் பெயர், பள்ளிக்கூடப் பெயர் என்று இரண்டு இருக்கிற பிள்ளைகளுக்கு இது உடனே புரிந்துவிடும். குரு அவனுடைய உண்மைப் பெயரைக் காதோடு சொல்வார். நானும் என் மகளிடம் அதைக் காதோடு ஒரு தடவை மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் எங்களுக்கு வல்லூறுதான், புத்தகத்தில் எல்லோரும் அவனைக் கூப்பிடுகிற பெயர் அது.

ஆனால் அதற்கும் முன்னால் ஓர் இடம் வரும். கார்காட் நாட்டுக் கொள்ளைக்காரர்கள் கப்பலில் வந்து ஊரை எரிப்பார்கள். வெள்ளைத் தோல், மஞ்சள் முடி என்று அவர்களை வர்ணித்திருப்பார். அதைச் சொன்னதும் மகள் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"வெள்ளையா இருக்கறவங்கதான் கெட்டவங்களா? அப்போ அந்தப் பையன் என்ன கலர்மா?"

"செம்புக் குடம் கொஞ்சம் கறுத்துப்போனா எப்படி இருக்கும், அந்தக் கலர்."

அவள் தன் முழங்கையைத் திருப்பி மாடி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். "என்னை மாதிரியா?"

"உன்னை மாதிரிதான். அவனுக்கு ஒரு சிநேகிதன் வருவான், அவன் இன்னும் கருப்பு."

"அவன் நல்லவனா?"

"அவனை மாதிரி நல்லவன் அந்தப் புத்தகத்திலேயே கிடையாது."

இது ஏன் எனக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். போன வருடத்துக்கு முந்தின வருடம் அவள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நாடகம். தேவதையாக நடிக்கக் கை தூக்கியிருக்கிறாள். சூனியக்காரி வேஷம் கொடுத்தார்கள். வேஷம் போடும் அறையில் ஓர் ஆசிரியை, "இவளுக்கு மை பூச வேண்டாம், அப்படியே போகலாம்" என்று சொல்லிச் சிரித்தார். நான் பக்கத்தில் அவளுடைய கறுப்புத் துணிக்கு ஊக்கு குத்திக்கொண்டு நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மேடையில் நன்றாக நடித்தாள். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முகத்தை மூன்று தடவை கழுவினாள். மை எதுவும் பூசாத முகம் அது.

நானும் "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று கேட்டு வளர்ந்தவள்தான். அந்த "இருந்தாலும்" எவ்வளவு கனமான சொல் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். இங்கே யாராவது வந்து "கதையில்கூட நிறத்தைப் பார்க்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நான் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. கல்லூரியில் படித்தபோது அவன் நிறம் சொல்லும் வரிகள் என் கண்ணில் படவே இல்லை. என் மனதில் ஓடிய படத்தில் அவன் வெள்ளைக்காரப் பையன். மந்திரவாதி, நாயகன், ஆங்கிலப் புத்தகம், அப்படியென்றால் வெள்ளைதான் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் படித்தவள் கருப்பு, படிக்கப்பட்டவனும் கருப்பு. "கண்ணனே கருப்புதானே" என்றும் சிலர் சொல்வீர்கள். காலண்டரில் அவரை எந்த நிறத்தில் வரைகிறார்கள் என்று பாருங்கள்.

லெ குவின் இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் முதலிலேயே விலகிவிடக் கூடாது என்று, நிறத்தைச் சிறிது சிறிதாகத்தான் உள்ளே விட்டேன், அவன் தோலுக்குள் புகுந்த பிறகு அது வெள்ளைத் தோல் இல்லை என்று தெரியட்டும் என நினைத்தேன் என்று அவரே பிறகு எழுதினார். அதை எழுத வேண்டி வந்தது 2004 டிசம்பரில். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எர்த்ஸீயைக் குறுந்தொடராக எடுத்து, நாயகனாக ஒரு வெள்ளை நடிகரைப் போட்டுவிட்டார்கள். லெ குவின் அதை வெளிப்படையாகக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு 75 வயது. அந்த வயதிலும் "போனால் போகிறது" என்று விடவில்லை.

அடுத்தது ஜப்பானில் 2006ல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ' என்ற அனிமேஷன் படம். இதைத்தான் மகளோடு பார்த்தேன். ஹயாவோ மியாசாகி பல வருடங்களுக்கு முன்பே இந்தக் கதைகளைப் படமாக்க அனுமதி கேட்டிருக்கிறார். அவர் யாரென்று அப்போது தெரியாததால் லெ குவின் மறுத்துவிட்டார். பின்னால் மியாசாகியின் படங்களைப் பார்த்து ரசிகையாகி அனுமதி கொடுத்தபோது, படத்தை எடுத்தவர் மகன் கோரோ மியாசாகி. அதுதான் அவருக்கு முதல் படம்.

வயலும் கடலும் அழகு. ஏர் உழுகிற காட்சி இருக்கிறது, தெர்ரு என்ற சிறுமி புல்வெளியில் தனியாக நின்று பாடுவது இருக்கிறது. அந்தப் பாட்டு முடிகிறவரை என் மகள் அசையவில்லை. ஆனால் கதை எனக்கு ஒட்டவில்லை. எடுத்த எடுப்பில் இளவரசன் தன் தகப்பனைக் குத்திக் கொல்கிறான். ஏன் என்பதற்குக் கடைசிவரை சரியான பதில் இல்லை. புத்தகத்தில் அப்படி ஒரு கொலையே கிடையாது. அதைவிட முக்கியம், புத்தகத்தில் தீமை என்பது அவனவன் தனக்குள் பார்க்க வேண்டியது. படத்தில் கோட்டையில் ஒரு வில்லன் உட்கார்ந்திருக்கிறான், அவனை அழித்தால் முடிந்துவிடுகிறது. இவ்வளவு தூரம் வந்து இதற்கா என்று இருந்தது.

நிறமா? எனக்கு அதிலும் எல்லோரும் வெள்ளையாகத்தான் தெரிந்தார்கள். வல்லூறு கொஞ்சம் வெயிலில் காய்ந்தவர் போல இருக்கிறார், அவ்வளவுதான். மகள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "இது வல்லூறு இல்லம்மா, வேற யாரோ" என்றாள். லெ குவினும் படத்தைப் பார்த்துவிட்டு இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தன் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறவர்கள் ஜப்பானியர் கண்ணுக்குக் கருப்பாகத் தெரியலாம் என்று கேள்விப்பட்டதாகவும், அப்படியே இருக்கட்டும் என்று நம்புவதாகவும். கோரோ நேரில் கேட்டபோது, இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம் என்று சொன்னாராம். அந்தப் பெருந்தன்மை எனக்கு இல்லை. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: படம் நாவல் அளவுக்கு இல்லை. நாவலை முதலில் படியுங்கள், படத்தைப் பாட்டுக்காக ஒரு தடவை பாருங்கள்.

படம் பார்த்த மறுநாள் மகள் வல்லூறை வரைந்தாள். க்ரேயான் பெட்டியில் இளம் ரோஸாக ஒன்று இருக்கும், பிள்ளைகள் எல்லோரும் அதற்கு "ஸ்கின் கலர்" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். பழக்கத்தில் அதை எடுத்தாள். ஒரு நிமிடம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பப் பெட்டிக்குள் செருகினாள். பிறகு பழுப்பை அடித்து, அதற்கு மேல் ஆரஞ்சை அழுத்தித் தேய்த்தாள். கன்னத்தில் நிழல் கிழித்த தழும்பை ஊக்கின் முனையால் சுரண்டி எடுத்தாள். அந்தப் படம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

இப்போது அடுத்த பாகம், 'தி டூம்ஸ் ஆஃப் ஆதுவான்' படிக்கிறோம். இதில் நாயகி தேனார், ஊரை எரித்த அதே வெள்ளைக்காரக் கூட்டத்துப் பெண். முதல் இரண்டு நாள் மகள் அவளை ஏற்றுக்கொள்ளவே இல்லை. பெயரைப் பறித்துக்கொண்டு, குழந்தையிலிருந்து கல்லறைகளுக்குப் பூசாரியாக வளர்க்கப்பட்டவள் என்று தெரிந்ததும் "பாவம்மா" என்று இறங்கி வந்தாள். நேற்று ராத்திரி வல்லூறு பூமிக்கு அடியில் இருட்டுச் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டான். குடிக்கத் தண்ணீர் இல்லை. மேலே ஒரு துவாரம் வழியாகத் தேனார் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புத்தகத்தை மூடிவிட்டேன், காலையில் சீக்கிரம் எழ வேண்டும். விளக்கை அணைத்து ரொம்ப நேரம் கழித்துப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அவனுக்குத் தண்ணி குடுப்பாளாம்மா?"