விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் வாழ்க்கையில் எந்தப் பகுதி அதிகம் பேசப்பட வேண்டும்? வத்தலக்குண்டில் பிறந்தவருக்குத் தர்மபுரி மாவட்டத்தில் நினைவிடம் ஏன்?

சேலம் சிறையிலிருந்து வெளியே வந்த 1912 நவம்பர் முதல், பாப்பாரப்பட்டியில் உயிர் பிரிந்த 1925 ஜூலை வரை உள்ள காலம்தான் அதிகம் பேசப்பட வேண்டும். முதல் கேள்விக்கு இதுவே என் பதில். பெரும்பாலான மேடைகளில் அவர் கதை 1908இல் தூத்துக்குடியில் தொடங்கி, அதே ஆண்டில் திருநெல்வேலி நீதிமன்றத்தில் முடிந்துவிடுகிறது. வ.உ.சி.க்கும் பாரதிக்கும் அடுத்து மூன்றாவது பெயராக அவரைச் சொல்லி மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஈடான துணிவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இப்படிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் பெண்ணாகரம் பக்கத்துக்காரன். சுகாதாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் கழிந்தது. பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, பெண்ணாகரம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், தேமல் போல வெளுத்திருக்கும் இடத்தைப் பஞ்சு நுனியால் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அந்த நோய் ஒரு மனிதனின் உடலை என்ன செய்யும், ஊரும் உறவும் அவனை என்ன செய்யும் என்பதை அருகிலிருந்து பார்த்தவன். அதனால் சிவாவின் வாழ்க்கையை நான் படிக்கும்போது, நீதிமன்றத்தில் அவர் பேசிய பேச்சைவிட அவருடைய கால்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1884 அக்டோபர் 4இல் வத்தலக்குண்டில் பிறந்தார். மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் வளர்ந்து படித்தார். சிவகாசியில் போலீஸ் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தும் அது நிலைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் இளைஞர்களைத் திரட்டிப் பேசத் தொடங்கியதால் அந்தச் சமஸ்தானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். அங்கிருந்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டே தூத்துக்குடி வந்து சேர்ந்தார். வ.உ.சி. அவரைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார். 1908 பிப்ரவரி கடைசியில் அங்கிருந்த கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கடற்கரையில் மாலைதோறும் கூட்டங்களில் முழங்கியவர் சிவா. அந்த வேலைநிறுத்தம் வென்றது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. வங்கத் தலைவர் பிபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடக் கூட்டம் நடத்தியதை அடுத்து, மார்ச் 12இல் வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள்.

ஜூலையில் நீதிபதி பின்ஹே அளித்த தீர்ப்பில் சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்தர தண்டனை, அதாவது நாடுகடத்தல். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அதில் ஓர் ஆயுள் தண்டனை எதற்காக என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சிவாவுக்கு இடமும் சோறும் கொடுத்து ஆதரித்த குற்றத்துக்காக. ஒரு மனிதனுக்குத் திண்ணையில் இடம் கொடுத்ததற்கு இருபது ஆண்டு! அப்படியானால் அந்த மனிதனின் நாவைக் கண்டு அரசு எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அப்போது சிவாவுக்கு வயது 23. தான் ஒரு சந்நியாசி என்றும், முக்தியைப் போதிப்பதே தன் தொழில் என்றும், ஆன்மாவுக்குப் பந்தங்களிலிருந்து விடுபடுவது முக்தி என்றால் ஒரு தேசத்துக்கு அந்நிய ஆட்சியிலிருந்து விடுபடுவதே முக்தி என்றும் நீதிமன்றத்திலேயே சொன்னவர் அவர். உயர்நீதிமன்றத்தில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது.

வெளியே வந்தபோது அவருக்கு வயது 28. உடலில் தொழுநோய் இருந்தது.

சிறையில் ஆட்டு ரோமத்தைச் சுத்தம் செய்யும் வேலையைக் கொடுத்ததால்தான் நோய் வந்தது என்று எங்கள் பகுதியில் சொல்வார்கள். மருத்துவம் தெரிந்தவனாக நான் அதை அப்படியே ஏற்க முடியாது. ரோமத்தால் அந்தக் கிருமி பரவுவதில்லை. சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கியிருக்கும்போது மூச்சுக்காற்று வழியாகப் பரவுகிறது. தொற்றிய பிறகும் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்துதான் தலைகாட்டும். இதைச் சொல்வதால் சிறையின் குற்றம் குறைந்துவிடாது. காற்றோட்டமில்லாத அடைப்பும், அரைவயிற்றுக் களியும், உடலை முறிக்கும் வேலையும் எந்த மனிதனின் எதிர்ப்புச் சக்தியையும் தின்றுவிடும். நோய் முதலில் தலைகாட்டும்போது ஓய்வும் நல்ல உணவும் மிக முக்கியம். அந்த நேரத்தில் அவர் கடுங்காவலில் கைதியாக இருந்தார். அரசு அவருக்கு விதித்தது ஆறாண்டு. உண்மையில் அவர் அனுபவித்தது சாகும்வரையிலான தண்டனை.

அன்றைக்கு அதற்கு மருந்தும் இல்லை. நீரடிமுத்து எண்ணெய் ஒன்றுதான் கதி. உள்ளுக்குக் கொடுத்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் கடுமையாக வலிக்கும், குணமும் நிச்சயமில்லை. நோயைக் கட்டுப்படுத்தும் முதல் மருந்துகள் 1940களில்தான் வந்தன. நாங்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த கூட்டு மருந்து அட்டைகள் எண்பதுகளில் வந்தவை. இன்று ஆறு மாதமோ ஓராண்டோ மாத்திரை சாப்பிட்டால் முழுவதும் குணமாகிவிடும் நோய் இது. சிவாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

விடுதலைக்குப் பிறகு சென்னை மயிலாப்பூரில் தங்கி, 1913இல் 'ஞானபாநு' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். புதுச்சேரியில் அடைபட்டிருந்த பாரதி அதில் எழுதினார். பாரதியின் எழுத்துக்கு இடம் கிடைக்காத காலம் அது. அப்போது கதவைத் திறந்து வைத்தவர் சிவா. பிறகு 'பிரபஞ்சமித்திரன்' நடத்தினார். நூல்கள் எழுதினார், நாடகங்கள் எழுதி ஊர் ஊராக நடத்தினார். 1921இல் மறுபடியும் கைது, மறுபடியும் சிறை. உடல்நிலை காரணமாக அடுத்த ஆண்டே விட்டார்கள். இவற்றை எழுதுவது எளிது. ஆனால் இவை அத்தனையும் உருமாறிக்கொண்டிருந்த முகத்தோடும், புண்பட்ட கைகால்களோடும் செய்யப்பட்டவை.

என் பணியில் நான் பார்த்த நோயாளிகள் எல்லோரும் முதலில் செய்த காரியம் ஒளிந்துகொள்வதுதான். கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், பஸ்ஸில் ஏற மாட்டார்கள், டீக்கடையில் உட்கார மாட்டார்கள். பெருவியாதி என்று சொல்லி, கொல்லைக்காட்டில் தனிக்குடிசை போட்டு, சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போன குடும்பங்களை நான் அறிவேன். மருந்து வந்த பிறகும் அந்த நிலை. நூறு ஆண்டுக்கு முன்பு, மருந்தே இல்லாத நாளில், அந்த உடலோடு ஒருவர் கூட்டத்தின் நடுவே ஏறி நின்று பேசினார், நாடக மேடையில் நின்றார் என்றால், தூத்துக்குடிக் கடற்கரையில் காட்டிய துணிவைவிட இது பெரிது என்பதே என் கருத்து. கடற்கரையில் எதிரே இருந்தது அரசு. இங்கே எதிரே இருந்தது அவருடைய சொந்த மக்களின் அருவருப்பு.

அரசும் அவரை விடவில்லை. தொற்றுநோய் உள்ளவர் அனுமதியில்லாமல் ரயிலில் ஏறுவது 1890ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். தொழுநோயாளர்களுக்கென்றே 1898இல் தனிச்சட்டம் ஒன்றும் வந்தது. சுதந்திரம் வந்து பல தலைமுறை கழிந்து, 2016இல்தான் அதை நீக்கினோம். நோயைக் காரணம் காட்டிச் சிவாவை ரயிலில் ஏறவிடாமல் தடுத்தார்கள். அப்போது மொரப்பூரிலிருந்து தர்மபுரி, பாலக்கோடு வழியாக ஓசூர் வரை சிறிய ரயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வருபவர் மொரப்பூரில் வண்டி மாறி வந்துவிடலாம். அந்த வசதி இவருக்கு இல்லை. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவுமே நாடெங்கும் போனார்.

கால்நடை என்று ஒற்றைச் சொல்லில் கடந்துவிடுகிறோம். தொழுநோயில் பாதத்து நரம்புகள் உணர்விழந்துவிடும். முள் தைத்தாலும் தெரியாது, கல் அறுத்தாலும் தெரியாது. வலி இல்லாததால் புண்ணின்மேலேயே நடப்பார்கள். புண் எலும்பு வரை இறங்கும். என் நோயாளிகளிடம் நான் ஓயாமல் சொன்னது, நடக்காதீர்கள், காலுக்கு ஓய்வு கொடுங்கள், தினமும் பாதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள் என்பதைத்தான். இந்த மனிதர் அந்தப் பாதங்களோடு ஜில்லா ஜில்லாவாக நடந்திருக்கிறார். அவர் பெயரை யார் சொன்னாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இனி, பாப்பாரப்பட்டி ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். அன்றைக்குத் தர்மபுரி தனி மாவட்டம் இல்லை, 1965இல்தான் பிரிந்தது. அதுவரை எல்லாம் சேலம் ஜில்லா. தேசிய இயக்கம் நன்றாக வேரூன்றிய ஜில்லா அது. 1920 நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்த விஜயராகவாச்சாரியார் சேலத்துக்காரர். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சேலம் நகராட்சித் தலைவராக இருந்த பிறகுதான் அவர் சென்னைக்குப் போனார். இந்தச் சூழலில் சிவாவுக்குப் பாப்பாரப்பட்டியில் நண்பர்கள் கிடைத்தார்கள், அவர்கள் உதவியால் நிலமும் கிடைத்தது. ஆசிரமம் அமைத்து, அந்த இடத்துக்குப் பாரதபுரம் என்று பெயர் வைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்டி, சாதி வேறுபாடு இல்லாமல் எல்லோரும் வந்து வணங்க வேண்டும் என்பது அவர் கனவு. காசியில் உள்ள பாரத மாதா கோயிலைக் காந்தி திறந்து வைத்தது 1936இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டு முன்பே, ராகியும் நிலக்கடலையும் விளையும் எங்கள் மானாவாரிப் பூமியில் ஒருவர் அதற்கு அடிக்கல் நாட்ட ஏற்பாடு செய்துவிட்டார்.

1923இல் அந்தக் கல்லை நாட்டியவர் வங்கத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ். அதற்கு முந்தைய டிசம்பரில் கயா காங்கிரசுக்குத் தலைமை வகித்து, உடனே சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கியிருந்தவர். 1908இல் சிவா திருநெல்வேலியில் தண்டனை பெற்ற அதே ஆண்டில்தான், கல்கத்தாவில் வெடிகுண்டு வழக்கில் சிக்கிய அரவிந்தருக்காக வாதாட தாஸ் முன்வந்தார். அவ்வளவு பெரிய தலைவர் இந்தச் சிற்றூருக்கு வந்தார் என்றால், சிவாவின் அழைப்புக்கு அகில இந்திய அளவில் என்ன மதிப்பு இருந்தது என்பது விளங்கும்.

ஒரு தொழுநோயாளிக்கு அன்றைய கிராமம் ஒன்று நிலம் கிடைக்கச் செய்து, ஊரோடு வைத்துக்கொண்டது என்பதை நான் மிகப் பெரிய செய்தியாக நினைக்கிறேன். எங்கள் பகுதியின் பெருமை என்று அதியமானையும் ஒகேனக்கல்லையும் சொல்கிறோம். இதையும் சொல்ல வேண்டும்.

கோயில் எழும்பவில்லை. பணம் திரட்ட அலைந்துகொண்டே இருந்தார். 1925 ஜூன் 16இல் டார்ஜிலிங்கில் தாஸ் காலமானார். ஐந்து வாரம் கழித்து, தெற்கே போயிருந்த சிவா முற்றிலும் நலிந்த உடலோடு பாப்பாரப்பட்டிக்கே திரும்பி வந்து, ஜூலை 23இல் மறைந்தார். நாற்பத்தொன்றாம் பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அவர் விரும்பிய பாரத மாதா நினைவாலயம், அவர் மணிமண்டபத்தை ஒட்டி அண்மை ஆண்டுகளில்தான் அரசால் கட்டி முடிக்கப்பட்டது.

எங்கள் மாவட்டத்தில் அவர் பெயரை அதிகம் உச்சரிப்பவர்கள் கரும்பு விவசாயிகளாகத்தான் இருப்பார்கள். கோபாலபுரத்தில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குச் சுப்பிரமணிய சிவா பெயர்தான். ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் பிள்ளைகளுக்காவது அவர் யார் என்று பள்ளிகளில் விரிவாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது நோயை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். 'உடல்நலக் குறைவு' என்று மழுப்பி எழுதுவதை நான் வெறுக்கிறேன். தொழுநோய் என்று எழுதுங்கள். இன்றும் தேமலை மறைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வராமல் இருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அந்தச் சொல்லின் பக்கத்தில் இந்தப் பெயர் தெரிய வேண்டும்.

நினைவிடத்துக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாப்பாரப்பட்டியும் பாப்பிரெட்டிப்பட்டியும் வெவ்வேறு ஊர்கள். வெளியூர்க்காரர்கள் பலர் குழம்பிப் போய் அரூர்ப் பக்கம் இறங்கிவிடுகிறார்கள். நினைவிடம் இருப்பது பெண்ணாகரம் வட்டத்தில் உள்ள பாப்பாரப்பட்டியில். தர்மபுரி பஸ் நிலையத்திலிருந்து பஸ் உண்டு. ஒகேனக்கல் போகிறவர்கள் போகும்போதோ வரும்போதோ சற்றுச் சுற்றி வந்தால் போதும். ஜூலை 23இல் வந்தால் நினைவு நாள் நிகழ்ச்சியையும் பார்க்கலாம்; நிதானமாக நின்று பார்க்க விரும்பினால் வேறு ஏதாவது ஒரு சாதாரண நாளில் வாருங்கள்.