அந்த அடகுச் சீட்டு யார் கைப்பையில் இருக்கிறது?

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு 60 வயது நிறைகிறது. பட்டர்வொர்த்தில் மண்டபம் பிடித்து அறுபதாம் கல்யாணம் செய்கிறோம். வருகிற 200 பேருக்கும் நினைவாக ஒரு ராசிக் காசு கொடுக்க ஆசை. வெள்ளைக்காரர் கல்யாணத்தில் மணப்பெண்ணின் காலணிக்குள் வைக்கும் சிக்ஸ்பென்ஸ் என்ற பழைய பிரிட்டிஷ் காசுதான் வேண்டும் என்கிறார் அண்ணி. அப்பா பிறந்த 1965-ஆம் ஆண்டுக் காசு, அசல் வெள்ளி என்று இணையத்தில் ஒருவர் பெட்டியோடு 18 ரிங்கிட்டுக்குத் தருகிறார். எனக்கோ சீனர்களின் ஓட்டைக் காசைச் சிவப்புக் கயிற்றில் கட்டிக் கொடுத்தால் பினாங்குக்குப் பொருத்தமாக இருக்கும் என்று படுகிறது. இதனால் அண்ணியும் நானும் இரண்டு வாரமாகப் பேசிக்கொள்வதில்லை. அம்மாவைக் கேட்டால் ‘உங்கள் இஷ்டம்’ என்கிறார். (அம்மாவின் தாலிக்கொடியும், அதில் கோத்திருந்த பாட்டி கொடுத்த இரண்டு காசும் 2020-இல் அண்ணன் வேன் வாங்குவதற்காக 6,000 ரிங்கிட்டுக்கு அடகு போயின. அம்மாதான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வட்டி கட்டிச் சீட்டைப் புதுப்பிக்கிறார். கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறுதான். போட்டோவில் மேசையாவது எடுப்பாக இருக்கட்டுமே என்றுதான் இந்த யோசனை.) எந்தக் காசு ராசி, நீங்களே சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: மகளே, சிக்ஸ்பென்ஸ் சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன். 1965-ஆம் ஆண்டுச் சிக்ஸ்பென்ஸில் வெள்ளி கிடையாது. 1920 வரை அந்தக் காசு நல்ல வெள்ளி. அதன்பிறகு பாதி வெள்ளி. 1947 முதல் செம்பும் நிக்கலும்தான். 1980-இல் அது பிரிட்டனிலேயே செல்லாக்காசாகிவிட்டது. அசல் வெள்ளி என்று விற்பவர் உன் அண்ணியை ஏமாற்றுகிறார். அந்த ஊரில் அப்பா தன் மகளின் இடது காலணிக்குள் அதை வைப்பார், போகிற வீட்டில் அவளுக்குக் குறை வரக்கூடாது என்று. நல்ல பழக்கம்தான், ஆனால் நம் மணவறையில் செருப்போடு யார் ஏறப்போகிறார்கள்? ஓட்டைக் காசும் சீனர்கள் வீட்டில் பொருள் உள்ளது. உன் மேசையில் அது வெறும் அலங்காரம்.

சரி, அது போகட்டும். நீ அடைப்புக்குறிக்குள் எழுதினாயே, அதைத்தான் நான் நாலு தடவை படித்தேன்.

‘அம்மாதான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் வட்டி கட்டுகிறார்.’ எவ்வளவு கட்டுகிறார் என்று ஒருநாளாவது கணக்கு போட்டாயா? நம் நாட்டு அடகுக்கடைச் சட்டம் மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரிங்கிட் வரை வட்டி வாங்க விடுகிறது. முழு வட்டி என்றால் ஆறாயிரத்துக்கு மாதம் 120. ஆறு மாதத்துக்கு 720. ஐந்து வருடத்தில் பத்துத் தடவை, மொத்தம் 7,200 ரிங்கிட். வாங்கிய கடனைவிட அதிகம் கட்டியாகிவிட்டது, பொருள் இன்னும் கடைப் பெட்டியில்தான் இருக்கிறது. இந்தப் பணத்தை அம்மா எங்கிருந்து எடுக்கிறார்? அப்பா கொடுக்கும் மார்க்கெட் காசிலா, தன் மருந்துச் செலவிலா? ஒரு தடவை தவறினாலும் கொடி ஏலத்துக்குப் போயிருக்கலாம். அது உனக்கும் அண்ணனுக்கும் ஞாபகத்தில் இல்லாமல் இருக்கலாம். அம்மாவுக்கு ஒவ்வொரு தவணைத் தேதியும் மனப்பாடமாக இருக்கும்.

அடகுக்கடையின் உள்ளே போயிருக்கிறாயா? கவுண்டர் நெஞ்சு உயரம், மேலே கம்பி. அம்மா வயதுக்காரர்கள் கையை உயர்த்தித்தான் சீட்டை உள்ளே நீட்ட வேண்டும். நீட்டுவதற்கு முன்னால், தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் பார்வையை நான் எத்தனையோ பெண்களிடம் பார்த்துவிட்டேன். எனக்கு வருகிற கடிதங்களில் பாதியில் இந்தக் கொடிதான் இருக்கிறது. பிள்ளையின் படிப்புக்கு, மருமகனின் காருக்கு, மகனின் கடைக்கு என்று காரணம் மட்டும் மாறும். வைத்த பிள்ளை மீட்டான் என்று எழுதியவர்கள் குறைவு.

2020-இல் ஊரே முடங்கிக் கிடந்தது. மகன் தாயிடம் கேட்டான், தாய் கழற்றிக் கொடுத்தார். அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். தாலிக்கொடி ஆபத்துக்கு உதவத்தான். ஆனால் வேன் ஓட ஆரம்பித்த மாதமே வட்டியை அண்ணன் கையில் எடுத்திருக்க வேண்டும். இன்று மண்டபம் பிடிக்கப் பணம் இருக்கிறது, 200 பேருக்குப் பரிசு கொடுக்கப் பணம் இருக்கிறது. 18 ரிங்கிட் வீதம் 3,600. கட்ட வேண்டிய கடன் தொகையில் பாதிக்கு மேல் அங்கேயே இருக்கிறதே! அண்ணனை மட்டும் சொல்லவில்லை. ஐந்து வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நீ. மகன் வைத்தான் என்பதற்காக மகளுக்குப் பொறுப்பு இல்லாமல் போகாது. அம்மா ‘உங்கள் இஷ்டம்’ என்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். காசு வாங்கப் போகிறோம் என்று அவரிடமே போய்ச் சொன்னால், பாவம், வேறு என்ன சொல்வார்?

அறுபதாம் கல்யாணம் ஏன் செய்கிறோம்? அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து, அப்பா பிறந்த தமிழ் ஆண்டே திரும்பி வருகிறது. புதிதாகப் பிறந்த மாதிரி எண்ணி, அம்மாவுக்கு மறுபடி தாலி கட்டுகிறார். அந்த நேரத்தில் எல்லார் கண்ணும் அம்மாவின் கழுத்தில் இருக்கும், மேசையில் இருக்காது. புதுக்கொடி வாங்கிப் போட்டு மூடிவிடலாம் என்றும் நினைக்காதே. பாட்டி கொடுத்த காசைப் புதுக்கொடி கொண்டு வராது.

என் அம்மாவின் தாலியிலும் காசு இருந்தது. அதில் இருந்த லட்சுமிக்கு மூக்கும் கண்ணும் தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்டன. நாற்பது வருடம் வேர்வையிலும் மஞ்சளிலும் கிடந்து உரசிய தேய்மானம் அது. அம்மா கவலைப்படும்போதெல்லாம் அந்தக் காசைத்தான் விரலில் பிடித்து உருட்டுவார். உன் அம்மாவின் விரல் இப்போது எதைத் தேடும்?

ஸ்பெயினிலும் பிலிப்பைன்ஸிலும் மாப்பிள்ளை 13 காசை மணப்பெண்ணின் கையில் கொட்டுவார், என் சம்பாத்தியம் இனி உன்னுடையது என்று. அங்கெல்லாம் கல்யாணக் காசு பெண்ணின் பக்கம்தான் போகிறது. உங்கள் வீட்டில் அம்மா கழுத்திலிருந்து இறங்கிப் போயிருக்கிறது. அதைத் திருப்பி ஏற்றுங்கள்.

சிக்ஸ்பென்ஸ் ஆர்டரை நிறுத்து. அந்த 3,600-ஐ எடுத்து வை. மீதி 2,400-ஐயும் நடப்பு வட்டியையும் அண்ணன் போட வேண்டும். கேட்டால் சங்கடப்படுவார் என்றால் படட்டும், அம்மா ஐந்து வருடமாகப் பட்டாயிற்று. சீட்டு அம்மா பெயரில் இருந்தால் அம்மாவும் ஐசியோடு (அடையாள அட்டை) வரவேண்டியிருக்கும். நீங்கள் இரண்டு பேரும் கூடப் போங்கள். இந்தத் தடவை சீட்டையும் பணத்தையும் கம்பிக்குள் நீட்டுவது அண்ணன் கையாக இருக்கட்டும். கொடியை ஆசாரியிடம் கொடுத்துக் கழுவி வாங்குங்கள், காசை மட்டும் மெருகு போடச் சொல்லாதீர்கள். சடங்கன்று அது அப்பா கையால் அம்மா கழுத்துக்கு ஏறட்டும்.

விருந்தினருக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால், 1989 முதல் அடித்த நம் பழைய இருபது சென் காசை எடுத்துப் பார். ஒரு பக்கம் செம்பருத்தி, இன்னொரு பக்கம் வெற்றிலைச் செல்லம். தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கோடு போட அதைவிடப் பொருத்தமான காசு எனக்குத் தெரியாது. 200 பேருக்கு 40 ரிங்கிட். உறவுக்காரர் வீட்டு உண்டியல்களை எல்லாம் கொட்டிப் பொறுக்க வேண்டியிருக்கும், அண்ணியையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள். இரண்டு வாரக் கோபம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அதற்கு முன்னால் இன்று ராத்திரியே அம்மாவிடம் கேள், சீட்டில் அடுத்த தவணை என்றைக்கு என்று.