என்ஜின் ஓடுகிறது, லைட் மட்டும் போய்ப் போய் வருகிறது: பழைய லாரியில் பழுதை எங்கே தேடுவது?

கேள்வி: என் லாரி 2004 மாடல், 24 வோல்ட். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டு கோவை பக்கம் ஓடுகிறது. மூன்று மாதமாக இரவு ஓட்டத்தில் ஹெட்லைட், ஹார்ன், மீட்டர் போர்டு எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்து, இரண்டு மூன்று வினாடியில் தானாக வந்துவிடுகிறது. என்ஜின் நிற்பதில்லை. பேட்டரி இரண்டும் புதுசு. டைனமோவும் சர்வீஸ் செய்தாகிவிட்டது. பட்டறையில் நிறுத்தினால் எல்லாம் ஒழுங்காக எரிகிறது. முழு ஒயரிங்கையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பழுது பிடிபடும் வரை இந்த வண்டியை இரவில் ஓட்டவும் வேண்டாம். முழு லோடோடு போகும்போது மூன்று வினாடி இருட்டு என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். வாடகை போனாலும் பரவாயில்லை, பகலில் மட்டும் ஓட்டுங்கள்.

எல்லாம் ஒரே நேரத்தில் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தேட வேண்டிய இடத்தை அதுவே பாதி காட்டிக்கொடுக்கிறது. ஹெட்லைட்டுக்கு ஒரு ஃப்யூஸ், ஹார்னுக்கு ஒரு ஃப்யூஸ், மீட்டர் போர்டுக்கு இன்னொன்று. மூன்று ஃப்யூஸும் ஒரே நொடியில் பழுதாகி, மூன்று வினாடியில் மறுபடி நல்லதாகாது. ஆகவே மூன்றுக்கும் பொதுவான பாதையில்தான் கோளாறு. அப்படிப்பட்ட பாதை இரண்டுதான். ஒன்று, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டார் டெர்மினல் வழியாக ஃப்யூஸ் பாக்ஸுக்கு வரும் மெயின் ஒயர். இன்னொன்று, கேபினிலிருந்து சேஸிஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் திரும்பும் எர்த். டீசல் பம்ப் கரன்ட் இல்லாமல் ஓடும் மெக்கானிக்கல் பம்ப், என்ஜினை நிறுத்துவதும் கேபிளால் என்றால், கரன்ட் போனாலும் என்ஜின் பாட்டுக்கு ஓடும்.

பேட்டரி கேபிளே விட்டுப் போனால் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். ஓடும் வண்டியில் டைனமோ தொடர்ந்து கரன்ட் கொடுக்கும். அதைத் தாங்கிப் பிடிக்கப் பேட்டரி இல்லாததால் லைட் பளிச்சென்று ஏறும், பல்பு அடிக்கடி போகும். உங்களுக்கு அப்படி நடக்கவில்லை. மீட்டர் போர்டும் வைப்பரும் மட்டும் போய் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருந்தால் சாவி சுவிட்சைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். அதுவும் இல்லை.

உப்பு லோடு என்றதும் என் சந்தேகம் முதலில் எர்த் மேல்தான் போகிறது. கேபின் ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சேஸிஸோடு இணைப்பது ஒரே ஒரு எர்த் பட்டைதான். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதனால் மழையே இல்லாத நாளிலும் அந்தப் பட்டையின் முனை நசநசவென்று இருக்கும். செம்பு உள்ளுக்குள்ளேயே களிம்பு பிடித்துக்கொண்டு வரும்.

போன வருஷம் ஒரு உப்பு லாரி இதே குறையோடு எங்களிடம் வந்தது. எர்த் போல்ட் இறுக்கமாக இருந்தது. லக் (ஒயர் முனையில் அழுத்தியிருக்கும் உலோக வளையம்) மேல் பெயின்ட்கூடப் போகவில்லை. மல்டிமீட்டரை வைத்தால் 25 வோல்ட் சுளையாகக் காட்டியது. நான் லக்கை ஒரு கையிலும் ஒயரை இன்னொரு கையிலும் பிடித்து லேசாக முறுக்கினேன். ஒயர் கையோடு வந்துவிட்டது. லக்குக்குள் பச்சைத் தூள். மிஞ்சியிருந்தது ஏழெட்டு இழை.

அப்படியானால் மீட்டர் ஏன் 25 வோல்ட் காட்டியது? மீட்டர் இழுக்கும் கரன்ட் மிகக் கொஞ்சம். அதைக் கொண்டுவர ஒற்றை இழை போதும். ஹெட்லைட் இரண்டும் எரிந்தாலே ஆறு ஆம்பியர் வேண்டும். ஹார்ன், வைப்பர் எல்லாம் சேர்ந்தால் இன்னும் பல மடங்கு. அந்த இழைகள் சூடேறி, குலுங்கி விலகும்போது எல்லாம் அணையும். அடுத்த குலுக்கலில் ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் வண்டி குலுங்குவதும் இல்லை, லைட், ஹார்ன், வைப்பர் எல்லாவற்றையும் யாரும் ஒன்றாகப் போடுவதும் இல்லை. அதனால்தான் அங்கே பழுது முகம் காட்டுவதில்லை.

ஆகவே கரன்ட் இழுப்பதை எல்லாம் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். என்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், வைப்பர், பார்க்கிங் லைட் எல்லாவற்றையும் போடுங்கள். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே (லக்கில் அல்ல) வையுங்கள். இன்னொரு முனையைக் கேபினில் பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஏறினால் வழியில் எங்கேயோ அடைப்பு. கேபின் பக்க முனையைப் படிப்படியாகப் பின்னால் கொண்டுவாருங்கள்: எர்த் பட்டையின் மேல் முனை, கீழ் முனை, சேஸிஸ், பேட்டரி லக். எந்த இடத்தைத் தாண்டியதும் எண் பொத்தென்று விழுகிறதோ, பழுது அங்கேதான். பிளஸ் பக்கமும் இதே முறைதான்: பேட்டரி பிளஸ் கம்பத்திலிருந்து ஃப்யூஸ் பாக்ஸுக்குள் நுழையும் முனை வரை. அங்கே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். மீட்டரைப் பார்த்தபடி இன்னொருவரை ஒயரை ஆட்டச் சொல்லுங்கள். பேட்டரி கட் ஆஃப் சுவிட்ச் இருந்தால் அதையும் தட்டிப் பாருங்கள். ஆனால் என்ஜின் ஓடும்போது அதைத் திருப்பவோ பேட்டரியைக் கழற்றவோ கூடாது. டைனமோவின் டையோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.

இதிலும் பிடிபடவில்லை என்றால் ஓடும் வண்டியிலேயே பொறி வைத்துவிடலாம். எனக்கு மிகவும் கைகொடுத்த வழி இது. பேட்டரி மைனஸ் கம்பத்திலிருந்து தனியாக ஒரு ஒயரைக் கேபினுக்குள் இழுங்கள். 24 வோல்ட், 5 வாட் பல்பு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின் ஹோல்டரும் கேபின் தகட்டில் படாமல் இருக்க வேண்டும். முதல் பல்பை அந்த ஒயருக்கும் கேபின் தகட்டுக்கும் நடுவே போடுங்கள். இது சாதாரணமாக எரியாது. இரண்டாவதை அதே ஒயருக்கும் ஃப்யூஸ் பாக்ஸ் மெயின் முனைக்கும் நடுவே, 5 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்துப் போடுங்கள். இது எப்போதும் எரியும். பகலில் மேடு பள்ளமான ரோட்டில், ஹெட்லைட்டைப் போட்டபடி ஓட்டுங்கள். பல்பைப் பார்க்க இன்னொருவர் பக்கத்தில் உட்காரட்டும். எல்லாம் அணையும் நொடியில் முதல் பல்பு எரிந்தால் எர்த் விட்டிருக்கிறது. இரண்டாவது பல்பு அணைந்தால் பிளஸ் ஒயர் விட்டிருக்கிறது.

இடம் தெரிந்ததும் பேட்டரி மைனஸை முதலில் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பழைய லக்கின் மேலேயே டேப் சுற்றுவது வீண். ஒயரை வெட்டிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு தெரியும் வரை இன்னும் பின்னால் வெட்டுங்கள். சில சமயம் ஒரு முழம்கூடப் போகும். புது லக்கைக் கிரிம்ப் செய்யும் கருவியால் அழுத்துங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கினால் உள்ளே காற்றும் ஈரமும் புகுந்துவிடும். போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு வரும் வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, அதற்கு அப்புறம்தான் மேலே கிரீஸ் தடவ வேண்டும். உங்கள் வண்டிக்கு 16 சதுர மி.மீ. செம்பு ஒயரில் இரண்டாவது கேபின் எர்த் ஒன்றும் போட்டுவிடுங்கள். உப்பு இறக்கிய அன்றே எர்த் பட்டை, செல்ஃப் டெர்மினல், பேட்டரி பெட்டி மூன்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஃப்யூஸ் பாக்ஸ் பக்கம் மட்டும் தண்ணீர் போகக் கூடாது.

ஃப்யூஸ் பாக்ஸைத் திறக்கும்போது ஃப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ சுற்றியிருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். கேபின் தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

முழு ஒயரிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெயின் ஒயர்க் கட்டின் இரண்டு மூன்று இடத்தில் தோலை உரித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் செம்பு கறுத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். செம்பு பளிச்சென்று இருந்தால் தேவையில்லை. அப்படியே மாற்றினாலும், புது ஒயரிங்கை அதே பழைய எர்த் போல்ட்டில் கொண்டுபோய் மாட்ட விடாதீர்கள். அந்த இடத்தைத் தேய்த்துக் காட்டச் சொல்லி, கூடவே நின்று பாருங்கள்.