பேட்டி வேண்டாம், பேச்சுத்துணை போதும்

கேள்வி: தொலைக்காட்சி செய்தி டெஸ்க்கில் பொறுப்பில் இருக்கிறேன். கூட்ட நெரிசல் சாவுக் காட்சிகளை ஒரு வாரமாக எடிட் செய்த இளைஞர் தூங்குவதில்லை, சின்னச் சத்தத்துக்கும் பதறுகிறார். ‘ஸ்பாட்டுக்கே போகாதவருக்கு என்ன வந்தது?’ என்கிறார்கள். எல்லோரையும் உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொல்லலாமா? எங்களுக்குள் ஒரு துணைக்குழு அமைப்பது எப்படி?
- வாசகர், சென்னை

பதில்: வெட்டாத காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பவர் எடிட்டர்தான். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மனநோய்களை வகைப்படுத்தும் 2013ஆம் ஆண்டுக் கையேடும், வேலைக்காகத் திரையில் பார்ப்பதைப் பாதிப்புக்கான காரணமாக ஏற்கிறது.

கூட்டமாகப் பேசவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நடந்ததை உடனே விவரிக்கவைக்கும் ஒற்றை அமர்வு பாதிப்பைத் தடுப்பதில்லை; பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2005லேயே அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. ஒருவர் பார்த்ததை மற்றவரும் சுமப்பதுதான் மிச்சம்.

குழுவுக்கு ஆள் தேடும்போது, ‘மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவீர்கள்?’ என்று எல்லோரிடமும் சீட்டில் எழுதி வாங்குங்கள். திரும்பத் திரும்ப வரும் பெயர்களே உங்கள் ஆட்கள். ஷிப்ட் போடுகிறவரும் ஹெச்.ஆரும் வேண்டாம், நீங்களும்தான். சொன்னது மேலிடத்துக்குப் போகிறது என்ற சந்தேகம் ஒருமுறை வந்தால் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வோம் என்பதை முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும். தேர்ந்தவர்களுக்கு மனநல நிபுணரிடம் பயிற்சி அவசியம்.

நம் தொழில்புத்தி இங்கேதான் காலை வாரும். ‘என்ன பார்த்தே? எத்தனை பேர்?’ என்று கேட்டால் அது பேட்டி. டீக்குக் கூட்டிப்போய், ‘தூக்கம் எப்படி? சாப்பிட்டியா? இன்னிக்கு வேலையில எதைக் குறைச்சா உதவும்?’ என்று கேட்டால் போதும். பேசாவிட்டால் விட்டுவிடலாம். சில நாளில் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து மறுமுறை விசாரிக்க வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், அதுதான் முக்கியம். பதற்றமும் கெட்ட கனவும் ஒரு மாதத்தைத் தாண்டினால், அல்லது அதற்குள்ளேயே வேலையும் வீடும் தடுமாறினால், மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாமல் அன்றே அழைத்துப்போங்கள். அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 இலவச எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கேட்கிறவரும் களைப்பார். ஒருவர் தலையில் இரண்டு மூன்று பேருக்கு மேல் கட்டாதீர்கள்.

இளைஞருக்கு இன்றே செய்யக்கூடியது: அந்தக் காட்சிகளை வேறொருவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒலியை அணைத்து, விண்டோவைச் சிறிதாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அலறல்தான் காதைவிட்டுப் போகாது. ஃபைல் பெயரிலேயே ‘சடலம் உள்ளது’ என்று எழுதிவைத்தால் அடுத்த ஷிப்டுக்காரர் திடுக்கிடமாட்டார்.