‘டக்’ சத்தம் மட்டும் கேட்கிறது: பழைய மினி டிராக்டர் கேள்வி – பதில்

கேள்வி: தென்னை விளையில் உழ 20 குதிரைத்திறன் டீசல் மினி டிராக்டர் வைத்திருக்கிறோம். பழைய வண்டி. சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், ராஜாக்கமங்கலம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ‘டக்’ கேட்கிறதென்றால் சாவி, ஃப்யூஸ், கிளட்ச் சுவிட்ச் எல்லாம் தாண்டி சொலினாய்டு (செல்ஃப் மோட்டாருக்கு கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) வரை கரண்ட் வந்துவிட்டது. கோளாறு பெரும்பாலும் தடித்த கேபிள் போகும் பாதையில்தான். விளக்கைப் போட்டுவிட்டு சாவியைத் திருகிப் பாருங்கள். விளக்கு அடியோடு மங்கினால் பேட்டரியோ இணைப்போ பலவீனம், இல்லையென்றால் மோட்டார் இறுகியிருக்கிறது. விளக்கு அசையாமல் எரிந்தால் மோட்டாருக்குள் கரண்ட் போகவே இல்லை.

அடுத்து ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், எஞ்சின் பிடிக்காதபடி ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்துவிட்டு, சாவி திருக ஒருவரை உட்கார வையுங்கள். ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல் திருக வேண்டாம்.

சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். 12.4-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பிறகு மீட்டர் முனைகளை கேபிள் கிளாம்பில் அல்ல, பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைத்துத் திருகச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போதவில்லை அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. 12-லேயே நின்றால் வழியில் எங்கோ அடைப்பு.

அந்த இடத்தைப் பிடிப்பது இப்படி: மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறு முனை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இடத்தில். திருகும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் (பேட்டரி நெகட்டிவை வண்டி உடம்போடு சேர்க்கும் இணைப்பு) கெட்டது. கடலோர ஊர்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். உப்புக் காற்றும் இரண்டு மழைக்காலமும் சேர்ந்தால் எர்த் பட்டை போல்ட்டுக்கு அடியில் துரு ஏறிவிடும். வெளியே இறுக்கமாகத்தான் தெரியும். கழற்றிப் பார்த்தால் லக் (கேபிள் முனை வளையம்) அடியில் பழுப்புத் தூள், செம்பு இழைகளில் பச்சைப் பூப்பு. சில கேபிள்களில் உறைக்குள்ளேயே பாதி இழை அரித்துப் போயிருக்கும். லக் பக்கம் அழுத்தினால் நொறுநொறுவென்று இருக்கும். அப்படியானால் சுரண்டிப் பயனில்லை, 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் லக் அழுத்திப் புதிதாகப் போடுங்கள். நன்றாக இருந்தால் இரும்பும் லக்கும் பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். வாசலின் தடவுவது இறுக்கிய பிறகு, மேலே மட்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

எர்த் சரி என்றால் பாசிட்டிவ் கம்பத்துக்கும் சொலினாய்டின் பெரிய போல்ட்டுக்கும் இடையே பாருங்கள், அங்கும் 0.3-க்குள் இருக்க வேண்டும். அதுவும் சரியென்றால் சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே வையுங்கள். ‘டக்’ அடித்த பிறகும் 12 வோல்ட் காட்டினால் உள்ளே காண்டாக்ட் தகடு கருகிவிட்டது, சொலினாய்டை மட்டும் மாற்றினால் போதும். மோட்டார் பக்க போல்ட்டுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையே 12 வந்தும் சுற்றவில்லையென்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். அப்போதும் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்ததுதான் காரணம். புது மோட்டாருக்குப் பணம் கொடுக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சாவி திருகினால் எந்தச் சத்தமும் இல்லை. ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டைத் தொட்டால் ஸ்டார்ட் ஆகிறது. இப்படியே ஓட்டலாமா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கூடாது. கியரில் இருக்கும் வண்டியை டயர் ஓரமாக நின்று இப்படி ஸ்டார்ட் செய்தால் அது நிற்பவர் மேலேயே ஏறும். உயிர் போன சம்பவங்கள் உண்டு. உங்கள் மோட்டார் நன்றாக இருக்கிறது என்பது மட்டும் இதிலிருந்து தெரிகிறது. சொலினாய்டின் சிறிய டெர்மினலில் டெஸ்ட் லாம்ப்பை வைத்து, சாவியைத் திருகச் சொல்லுங்கள். எரியாவிட்டால் பின்னோக்கிப் போங்கள்: கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் அல்லது பிடிஓ (பின்னால் கருவியைச் சுற்றும் தண்டு) சுவிட்ச், சாவி சுவிட்ச், ஃப்யூஸ். எந்த இடத்தில் ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் எரியவில்லையோ, அதுதான் பழுது. கிளட்ச் சுவிட்சில் பல நேரம் சேறு காய்ந்து பெடல் அதை முழுசாக அழுத்தாமல் இருக்கும். சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும். ஒயரை முறுக்கி அந்த சுவிட்சை நிரந்தரமாக ஒதுக்கிவிட வேண்டாம்.

கேள்வி: காலையில் உடனே பிடிக்கிறது. இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் செல்ஃப் எடுப்பதில்லை. அரை மணி ஆறினால் சரி.
– வாசகர், குலசேகரம்

பதில்: சூடானால் செம்புச் சுருளின் தடை கூடும், 50 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 20 சதவீதம். அதனால் சொலினாய்டின் இழுவை குறையும். புது ஒயரிங் இதைத் தாங்கிவிடும், தேய்ந்த சாவி சுவிட்ச் உள்ள பழைய வண்டி தாங்காது. சூடாக இருக்கும்போதே, பேட்டரி பாசிட்டிவுக்கும் சொலினாய்டின் சிறிய டெர்மினலுக்கும் இடையே சாவியைத் திருகி அளந்து பாருங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 40 ஆம்ப் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) ஒன்று வையுங்கள். சொலினாய்டுக்குப் போன பழைய ஒயர் ரிலேயில் 86 என்று எண் போட்ட காலுக்கு, 85 எர்த், பேட்டரியிலிருந்து 30 ஆம்ப் ஃப்யூஸ் வழியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் 30-க்கு, 87-லிருந்து அதே தடிமனில் சொலினாய்டுக்கு. கிளட்ச் சுவிட்ச் முன்போலவே வேலை செய்யும்.

‘டக்’ அடித்து, முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் கதை வேறு. பெரும்பாலும் மோட்டார் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து, உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் உரசுகிறது. புஷ் மாற்றக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு வாரம் ஓட்டாமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஏன்?
– வாசகர், தோவாளை

பதில்: சாவியை அணைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்ப் சாக்கெட்டில் இணையுங்கள். இந்த நிலையில் சாவியைத் தொடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். பழைய வண்டியில் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்ட வேண்டும். 0.3 ஆம்ப் ஓடினால் ஒரு வாரத்தில் 50 ஆம்ப்-அவர் போய்விடும். ஆல்டர்னேட்டரின் (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) தடித்த ஒயரைக் கழற்றியதும் அது நின்றால் அதன் உள்ளே இருக்கும் டையோடு கசிகிறது. கழற்றிய ஒயர் முனை எங்கும் படாமல் டேப் சுற்றுங்கள். கசிவே இல்லையென்றால் எஞ்சினை ஓடவிட்டு சார்ஜிங்கைப் பாருங்கள்: 13.8 முதல் 14.4 வோல்ட் வரவேண்டும். வராவிட்டால் முதலில் ஃபேன் பெல்ட்டை இறுக்குங்கள்.