ராணுவச் சரக்கு விமானங்கள் ஏன் விழுகின்றன? காரைக்குடியில் வந்த கேள்விகள்

விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்க்கிறவனாக, இருபது வருஷம் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் ஏஎன்-32 என்ற இரட்டை எஞ்சின் சரக்கு விமானங்களோடுதான் கழிந்தது. போன ஞாயிறு காரைக்குடியில் நடந்த கூட்டத்தில் ராணுவச் சரக்கு விமான விபத்துகளைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்தபோது கேள்வி எழுதிய சீட்டுகள் மேசையில் ஒரு குத்து கிடந்தன. அன்றைக்குப் பதில் சொல்ல முடியாதவற்றுக்கு இங்கே எழுதுகிறேன்.

தேவகோட்டைத் தம்பி: 2016-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன விமானம் ஏழரை வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. அவ்வளவு பெரிய விமானம் எப்படிக் கண்ணில் படாமல் போகும்?

தம்பி, அந்த ஜூலை 22-ஐ நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. காலை எட்டரை மணிக்குக் கிளம்பிய ஏஎன்-32. உள்ளே 29 பேர். சுமார் 23,000 அடியில் போய்க்கொண்டிருந்தது, இடப்பக்கம் திரும்பி வேகமாகக் கீழே இறங்கியது. 9.12-க்குப் பிறகு ரேடாரில் இல்லை. கப்பல், விமானம், நீர்மூழ்கி எல்லாம் போட்டுத் தேடினார்கள்.

விபத்தான விமானம் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்ல இரண்டு வழி உண்டு. ஒன்று, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குக் கூப்பிடும் ரேடியோக் கருவி. தரையில் விழுந்தால் அது உதவும். கடலுக்குள் போய்விட்டால் ரேடியோ அலை தண்ணீரைத் தாண்டி வராது. இரண்டாவது, தண்ணீர் பட்டதும் 37.5 கிலோஹெர்ட்ஸில் விட்டுவிட்டு ஒலி எழுப்பும் கருவி. கையடக்க டார்ச் அளவுதான் இருக்கும். பழைய வகை 30 நாள் ஒலிக்கும். 2009-ல் ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக்கில் விழுந்த பிறகு 90 நாள் ஒலிக்கும் வகை வந்தது. தாம்பரத்திலிருந்து போன அந்த விமானத்தில் இந்த இரண்டாவது கருவி இல்லை.

2024 ஜனவரியில்தான் செய்தி வந்தது. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கலம், சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் உடைந்த பாகங்களைப் படம் பிடித்திருந்தது. அந்த 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுவதாக 2016 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். ஆனால் அறிவிப்பு வேறு, அறிவது வேறு. திதி கொடுப்பதா, இன்னும் வாசலைப் பார்த்திருப்பதா என்று தெரியாமல் ஏழு வருஷம் கிடப்பதை எந்தக் குடும்பத்துக்கும் கொடுக்கக் கூடாது. கடலுக்கு மேல் பறக்கிற ஒவ்வொரு ராணுவ விமானத்திலும் அந்த டார்ச் அளவுக் கருவி இருந்தே ஆக வேண்டும். இதை எங்கே கூப்பிட்டாலும் போய்ச் சொல்வேன். 1986 மார்ச் 25-ல் மஸ்கட்டிலிருந்து ஜாம்நகருக்கு வந்த புத்தம்புது ஏஎன்-32 ஒன்றும் அரபிக்கடலில் மறைந்தது. ஏழு பேர். அது இன்றுவரை கிடைக்கவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி: பனிமலையில் ஐம்பது வருஷத்துக்கு மேல் கிடந்தவர்களின் உடல் கிடைத்ததாகப் பேப்பரில் பார்த்தேன். உண்மையா அப்பா?

உண்மைதான் ஆச்சி. 1968 பிப்ரவரி 7, சண்டிகரிலிருந்து லடாக்கின் லே நோக்கிப் போன ஏஎன்-12 சரக்கு விமானம். 102 பேர். லேயில் வானிலை மோசம் என்று திரும்பி வரும்போது ரோதாங் கணவாய்ப் பக்கம் காணாமல் போனது. 2003-ல் மலையேறுகிறவர்கள்தான் சிதைவுகளைப் பார்த்தார்கள். பனியாறு நகர நகர ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். 2024-ல் நான்கு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கேரளத்தின் பத்தனம்திட்டாக்காரர். 56 வருஷம் கழித்துச் சொந்த ஊர் மண்ணில் அடக்கமானார்.

கல்லல் விவசாயி ஒருவர்: உள்ளே ஏற்றும் பாரத்தாலேயே விமானம் விழுமா?

விழும் அண்ணே. உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. மாட்டு வண்டியில் பின்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்புமே, அதேதான். விமானத்துக்குத் தாங்கும் புள்ளி இறக்கைக்குப் பக்கத்தில். பாரம் பின்னால் போனால் மூக்குத் தூக்கும். ஓர் அளவுக்கு மேல் தூக்கினால் இறக்கையின் தாங்குசக்தி போய்விடும், கல் மாதிரி இறங்கும்.

அதனால்தான் சரக்கு விமானத்தின் தரை முழுக்க வளையங்கள் பதித்திருக்கும். ஒரு ஜீப் ஏற்றினால் முன்னுக்கும் பின்னுக்கும் குறுக்காகச் சங்கிலி போட்டு, முறுக்கி இறுக்கி, ஒவ்வொரு சங்கிலியையும் கையால் தட்டிப் பார்ப்போம். இறுகிய சங்கிலியின் சத்தம் வேறு, தளர்ந்ததின் சத்தம் வேறு, காது பழகிவிடும்.

2013 ஏப்ரல் 29, ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து அமெரிக்க ராணுவத்துக்காக ஐந்து கவச வண்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு தனியார் 747 கிளம்பியது. ஒரு வண்டி சுமார் 12 முதல் 18 டன். ஓடுதளத்தை விட்டு எழும்பியதுமே பின்னால் இருந்த வண்டி கட்டறுத்து நகர்ந்தது. பாரம் பின்னால் போனதால் மட்டும் விழுந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வண்டி பின்சுவரை இடித்து ஹைட்ராலிக் குழாய்களையும் வால்சிறகை அசைக்கும் திருகையும் நொறுக்கிவிட்டது. விமானியின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஏழு பேரும் போனார்கள்.

காரைக்குடிப் பாலிடெக்னிக் மாணவி: பெரிய கோளாறு இல்லாமல் சின்ன விஷயத்தால் விழுந்த விமானம் உண்டா?

நான் ரொம்ப எதிர்பார்த்த கேள்வி தங்கச்சி. 2015 அக்டோபர் 2, ஜலாலாபாத்தில் நள்ளிரவு. சி-130ஜே ஹெர்குலிஸ் என்ற அமெரிக்கச் சரக்கு விமானத்தில் உயரமான சரக்கை ஏற்ற இறக்க இடம் வேண்டியிருந்தது. வால்சிறகின் அசையும் பகுதி மேலே நிற்பதற்காக விமானி கட்டுப்பாட்டுத் தண்டைப் பின்னுக்கு இழுத்து, இரவுக் கண்ணாடி வைக்கும் கெட்டியான பெட்டியை அதன் முன்னால் அண்டை கொடுத்தார். வேலை முடிந்தது. பெட்டியை எடுக்க மறந்துபோனார்கள். இருட்டில் கிளம்பியதும் மூக்குத் தூக்கிக்கொண்டே போனது, தண்டை முன்னால் தள்ள முடியவில்லை. அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. உள்ளே 11 பேர், தரையில் 3 பேர்.

இன்னொன்று, 2017 ஜூலை 10, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம். அதே ஹெர்குலிஸ் குடும்பத்துக் கேசி-130டி விமானத்தின் புரொப்பெல்லர் இலை ஒன்றில் துருப்பள்ளம். 2011-ல் பிரித்துப் பார்த்தபோதே அதை நீக்கியிருக்க வேண்டும், விட்டுவிட்டார்கள். பள்ளம் விரிசலாகி, ஆகாயத்தில் இலை கழன்று விமானத்தின் உடம்பைக் கிழித்துப் போனது. 16 பேர்.

எங்கள் வேலையில் கருவிப் பலகை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் பின்னால் அதன் உருவம் கறுப்பாக வரைந்திருக்கும். ஒன்று குறைந்தால் அந்தக் கறுப்பு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு தளத்தில் ஒருநாள் சாயங்காலம் ஒரு ஸ்க்ரூடிரைவரின் இடம் காலி. விமானம் கிளம்ப வேண்டிய நேரம், எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டேன். இரண்டு மணி நேரம் தரைப் பலகைகளைக் கழற்றித் தேடினோம். வால்பக்கம் கட்டுப்பாட்டுக் கம்பி போகிற கப்பிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. வைத்தவன் நான்தான். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கிய நடுக்கம் ராத்திரிவரை நிற்கவில்லை.

புதுவயலிலிருந்து: ஏஎன்-32 கிழட்டு விமானம், அதனால்தான் விழுகிறது என்கிறார்களே?

வயசு ஒரு காரணமே தவிர, முழுக் காரணம் இல்லை. 2015 மே 9, ஸ்பெயினின் செவில் நகரில் விழுந்த ஏ400எம் சரக்கு விமானம் தொழிற்சாலையை விட்டு வந்த புது விமானம். எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளில் சில தகவல்கள் அழிந்திருந்ததால், நான்கு எஞ்சினில் மூன்று கிளம்பியதும் சொன்னபடி கேட்கவில்லை. நான்கு பேர் இறந்தார்கள். நம் படைக்கு 56 சி-295 சரக்கு விமானங்கள் வாங்குகிறார்கள், பழைய அவ்ரோ விமானங்களுக்குப் பதிலாக. முதலாவது 2023 செப்டம்பரில் வந்தது. நல்ல விஷயம். ஆனால் புதுசு என்பதற்காகப் பராமரிப்பில் ஒரு வரி கூடக் குறைக்க முடியாது.

கோட்டையூர்: குன்னூரில் முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டருக்கு என்ன ஆனது? சதி என்று சொன்னார்களே?

2021 டிசம்பர் 8, சூலூரிலிருந்து குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17வி5. 14 பேர், உயிரோடு மீட்கப்பட்ட ஒரே அதிகாரியும் ஒரு வாரத்தில் காலமானார். விசாரணையில் இயந்திரக் கோளாறும் சதியும் இல்லை என்று தெரிந்தது. பள்ளத்தாக்கில் திடீரென்று வானிலை மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் திசையுணர்வு தப்பியது. ராட்டினத்தை விட்டு இறங்கிய பிள்ளைக்கு நிற்கும்போதும் சுற்றுகிற மாதிரி இருக்குமே, அதே ஏமாற்றத்தை மேகத்துக்குள் காதின் உட்பகுதி விமானிக்குச் செய்யும். நல்ல நிலையில் ஓடுகிற வண்டியே மலையில் போய் மோதிவிடும். 2019 ஜூன் 3, அசாமின் ஜோர்ஹாட்டிலிருந்து அருணாசலத்தின் மெச்சுகா போன ஏஎன்-32-ஐ எட்டு நாள் கழித்து 12,000 அடி மலைச்சரிவில் கண்டதும் அப்படிப்பட்ட மலைநாட்டில்தான். 13 பேர். சதி என்ற பேச்சு பரவியபோது நான் ரொம்ப வருத்தப்பட்டேன். மேகத்தைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

பயணிகளுக்குப் பாராசூட் கொடுக்கலாமே?

கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து கூட. அந்த உயரத்தில் பாராசூட் விரிய நேரமில்லை.

கானாடுகாத்தான் தம்பி: செட்டிநாட்டில் இருக்கும் யுத்த காலத்து ஓடுதளத்தில் ஹெர்குலிஸ் இறங்குமா?

2013-ல் லடாக்கில் 16,600 அடிக்கு மேல் உள்ள தவுலத் பேக் ஓல்டி ஓடுதளத்திலேயே இறங்கியது தம்பி. நீளத்தை விடத் தரையின் உறுதியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நம் பக்கத்துச் சரளையும் செம்புரைத் துண்டும் எஞ்சினுக்குள் போனால் போதும், சேதம்தான். பெரிய புரொப்பெல்லர் சுழல இடம் கிடைக்கவும், கல்லும் தூசியும் எட்டாமல் இருக்கவும்தான் ஏஎன்-32-க்கு எஞ்சினை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள்.

திருப்பத்தூர் தாயார் ஒருவர்: என் மகன் அடுத்த மாதம், படையினரையும் சரக்கையும் கொண்டுபோகும் கூரியர் விமானத்தில் போர்ட் பிளேர் போகிறான். நீங்கள் பேசியதைக் கேட்டதிலிருந்து தூக்கமில்லை.

ஆத்தா, உங்களைப் பயமுறுத்திவிட்டேனே என்று இருக்கிறது. இந்த விமானங்கள் தினமும் போய்த் திரும்புகின்றன, திரும்புவது செய்தியாவதில்லை. மகனிடம் மூன்று சொல்லுங்கள். இருக்கை சுவரோரம் பக்கவாட்டில் இருக்கும், பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொள்ளட்டும். உயிர்காப்பு அங்கி எங்கே, எந்தக் கதவு என்று ஏறியதும் கேட்டுக்கொள்ளட்டும். காதுக்குப் பஞ்சு எடுத்துப்போகட்டும், சத்தம் தாங்காது. இறங்கியதும் உங்களுக்குப் போன் போடச் சொல்லுங்கள். போட்டதும் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.