குர்து ஆயுத இயக்கங்கள் கேட்பது தன்னாட்சியா, தனிநாடா?

எழுத்தில் உள்ளதை மட்டும் பார்த்தால் விடை எளிது. துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளில் பரவி வாழும் குர்து மக்களின் ஆயுதம் ஏந்திய இயக்கங்களில் பெரும்பாலானவை தம் வரலாற்றின் பெரும்பகுதியில் கேட்டது தன்னாட்சிதான். தனிநாட்டை வெளிப்படையான குறிக்கோளாக அறிவித்துப் பெரும் போர் தொடங்கிய இயக்கம் என்று துருக்கியின் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியைச் சொல்லலாம். அதுவும் அந்தக் கோரிக்கையை 1990-களிலேயே தளர்த்திக்கொண்டது. ஆனால் இந்த விடையோடு நின்றுவிட்டால், அங்காராவும் டெஹ்ரானும் இவர்களை இடைவிடாமல் பிரிவினைவாதிகள் என்றே அழைப்பது ஏன் என்பது விளங்காது. கட்சித் திட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, அந்த மண்ணில் துப்பாக்கி ஏந்தி நிற்பவர் யாருடைய கட்டளைக்குக் கீழ்ப்படிகிறார் என்பதே இச்சண்டையின் மையம் என்பது என் கருத்து.

அரசுகளின் சந்தேகத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. முதல் உலகப் போரில் தோற்ற உதுமானியப் பேரரசின்மீது 1920-இல் சுமத்தப்பட்ட செவ்ர் உடன்படிக்கையின் 62-ஆம் பிரிவு, யூப்ரடீஸ் ஆற்றுக்குக் கிழக்கே குர்துகள் மிகுதியாக வாழும் பகுதிக்கு உள்ளூர்த் தன்னாட்சி வகுத்தது. 64-ஆம் பிரிவோ, ஓராண்டுக்குள் அம்மக்களில் பெரும்பான்மையினர் தனிநாடு வேண்டி, அதற்கு அவர்கள் தகுதியுடையோர் என்று சர்வதேச சங்கமும் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகளின் அமைப்பு) கருதினால், துருக்கி அப்பகுதியின்மீதுள்ள உரிமையைக் கைவிட வேண்டும் என்றது. அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வரவே இல்லை. அதன் இடத்தில் 1923-இல் கையெழுத்தான லோசான் உடன்படிக்கையில் குர்துகளின் பெயர்கூட இல்லை. ஆயினும் முதலில் தன்னாட்சி, அடுத்துத் தனிநாடு என்ற வரிசை துருக்கி ஆட்சியாளர்களின் நினைவில் பதிந்துபோனது. இன்றைய துருக்கி அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு நாட்டையும் மக்களையும் பிரிக்க முடியாத ஒரே முழுமை என்கிறது. அதை மாற்ற வேண்டும் என்று முன்மொழிவதைக்கூட 4-ஆம் பிரிவு தடுக்கிறது. இப்படிப்பட்ட சட்டத்தின்முன் சுயாட்சி கேட்பவரும் தனிநாடு கேட்பவரும் ஒரே கூண்டில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

தொழிலாளர் கட்சி 1978 நவம்பரில், தியார்பக்கிர் மாகாணத்தின் லிஜே அருகிலுள்ள ஃபிஸ் என்ற சிற்றூரில் அப்துல்லா ஒச்சலானின் தலைமையில் உருவானது. நான்கு நாடுகளில் சிதறிக் கிடந்த குர்து நிலத்தை ஒன்றாக்கிச் சோசலிசத் தனிநாடு அமைப்பதே அதன் தொடக்கக்கால இலக்கு. 1984 ஆகஸ்ட் 15 அன்று எருஹ், ஷெம்தின்லி ஆகிய ஊர்களில் நடத்திய தாக்குதல்களோடு தொடங்கிய அந்தப் போர் 40,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. 1993 மார்ச்சில், ஈராக்கின் குர்துத் தலைவர் ஜலால் தலபானியின் முயற்சியால் ஒருதலைப் போர்நிறுத்தம் அறிவித்தபோதே, துருக்கியிலிருந்து பிரிந்து செல்வது தன் உடனடி நோக்கமன்று என்று ஒச்சலான் கூறிவிட்டார். 1999 பிப்ரவரியில் நைரோபியில் பிடிபட்டு இம்ராலி தீவுச் சிறையில் அடைக்கப்பட்ட பிறகு, மர்ரே புக்சின் என்ற அமெரிக்கச் சிந்தனையாளரின் எழுத்துகளைப் படித்து, தேசிய அரசு என்ற அமைப்பையே மறுத்து, ஊர்ச்சபைகளின் அடிப்படையிலான ஜனநாயகக் கூட்டமைப்பு என்ற கொள்கையை 2005-இல் முன்வைத்தார்.

சிறைக் கைதியின் சமரசம் இது என்று ஏளனம் செய்வோர் உண்டு. சிறையும் களத்தில் கண்ட தேக்கமும் அவரை அத்திசையில் தள்ளின என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தலைமுறைப் போராளிகள் இந்தக் கொள்கையிலேயே பயிற்சி பெற்றார்கள். வட சிரியாவில் ஒரு நிர்வாகமே இதன்படி கட்டப்பட்டது. வேடத்தை இவ்வளவு காலம் இவ்வளவு பேர் சேர்ந்து போட முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் அரசு அஞ்சியதற்கும் காரணம் இருந்தது. 2015 ஜூலையில் அரசுக்கும் தொழிலாளர் கட்சிக்கும் இடையிலான அமைதிப் பேச்சு முறிந்தபின், ஜிஸ்ரே, நுசைபின், தியார்பக்கிரின் பழைய நகரமான சூர் ஆகிய இடங்களில் இளைஞர் குழுக்கள் தன்னாட்சியை அறிவித்து, தெருக்களில் அகழி வெட்டித் தடுப்பரண் எழுப்பின. கேட்டது தன்னாட்சிதான், அரசின் காவலர் நுழைய முடியாத தெருவை உண்டாக்கி அதைக் கேட்டார்கள். அரசு பீரங்கியோடு வந்தது. இடையில் நசுங்கியவர்கள் அந்தத் தெருக்களின் குடும்பங்கள். அகழி வெட்டியவர்களின் அந்த முடிவை என்னால் நியாயப்படுத்த இயலவில்லை. குடியிருப்புகள்மீது பீரங்கியைத் திருப்பியதை அதைவிடவும் நியாயப்படுத்த இயலவில்லை.

ஈராக்கின் கதை வேறு. குர்துத் தலைவர் முஸ்தபா பர்சானியின் பெஷ்மெர்கா (ஈராக் குர்துகளின் ஆயுதப் படை) 1961-இல் தொடங்கிய கிளர்ச்சி, ஈராக்குக்கு ஜனநாயகம், குர்திஸ்தானுக்குத் தன்னாட்சி என்ற முழக்கத்தோடுதான் நடந்தது. 1970 மார்ச் 11 அன்று பாக்தாத் தன்னாட்சிக்கு ஒப்புக்கொண்டது. காகிதத்தில் அது தாராளமான உடன்பாடு. எண்ணெய் வளம் மிக்க கிர்குக் எந்தப் பக்கம் என்பதைத் தீர்க்காமல் தள்ளிப்போட்டதால் அது கெட்டுப்போனது. 1974-இல் கிர்குக்கை விட்டுவிட்டுப் பாக்தாத் தன்னிச்சையாக ஒரு தன்னாட்சிச் சட்டத்தைப் பிறப்பிக்க, பர்சானி ஈரானிய மன்னரையும் அமெரிக்காவையும் நம்பிப் போருக்குப் போனார். 1975 மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் ஈரானும் ஈராக்கும் சமாதானமாகிவிடவே, உதவி நின்று, எதிர்ப்பு சில நாட்களில் சரிந்தது. பின்னர் 1988-இல் சதாம் உசேன் அரசு குர்துகள்மீது நடத்திய அன்ஃபால் அழித்தொழிப்பும் ஹலாப்ஜா நகரின்மீது நச்சுவாயுத் தாக்குதலும் நடந்தன. இவ்வளவுக்கும் பிறகு 1992-இல் கூடிய குர்து நாடாளுமன்றம் தனிநாட்டை அறிவிக்கவில்லை. ஈராக்குக்குள் கூட்டாட்சி என்றே தீர்மானித்தது. 2005-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதை ஏற்றதோடு, 121-ஆம் பிரிவின்கீழ் பிராந்தியத்துக்கெனச் சொந்தக் காவற்படையையும் அனுமதித்தது. முன்பு மலைகளில் நின்று போரிட்ட தலபானி அதே ஆண்டு ஈராக்கின் குடியரசுத் தலைவரானார்.

அப்படியானால் 2017 செப்டம்பர் 25 அன்று ஈராக்கின் குர்துப் பிராந்தியத்தில் நடந்த பொதுவாக்கெடுப்பை என்னவென்பது? வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் தனிநாடு வேண்டும் என்றார்கள். தன்னாட்சி என்பது தனிநாட்டுக்கான படிதான் என்று வாதிடுவோருக்கு இதைவிட வலிய சான்று கிடையாது. ஈராக்கைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருப்பதாகவே கருதுகிறேன். மக்களின் மனத்தில் தனிநாட்டு ஆசை எப்போதும் உண்டு. அந்த ஆசையைக் கோரிக்கையாக்கும் துணிவு, எதிர்த்தரப்பு தளர்ந்திருக்கும்போதுதான் தலைவர்களுக்கு வருகிறது. இசுலாமிய அரசு என்ற அமைப்பின் படைகள் 2014-இல் மோசூலைப் பிடித்தபோது ஈராக் இராணுவம் கலைந்தோடியது. கிர்குக் பெஷ்மெர்கா வசம் வந்தது. வாக்கெடுப்பு அந்தப் பலத்தின்மீது எழுப்பப்பட்டது. மூன்றே வாரங்களில், அக்டோபர் 16 அன்று, பாக்தாத் படைகள் கிர்குக்கைத் திரும்பப் பிடித்தன.

ஈரானில் தன்னாட்சி கேட்பதே உயிருக்கு ஆபத்தானது. 1946 ஜனவரியில் சோவியத் படைகளின் நிழலில் மஹாபாதில் ஒரு குர்துக் குடியரசு தோன்றியது. பெயர் குடியரசு என்றிருந்தாலும், அதன் தலைவர் காஜி முகம்மது ஈரானுக்குள் தன்னாட்சி பற்றியே டெஹ்ரானோடு பேசினார். அடுத்த ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். ஈரானிய குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சியின் தலைவர் அப்துல் ரஹ்மான் காசெம்லூவும் தன்னாட்சிதான் கேட்டார்; 1989 ஜூலையில் வியன்னாவில் ஈரானியத் தூதுவர்களோடு பேச்சு நடத்திக்கொண்டிருந்த அறையிலேயே கொல்லப்பட்டார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற சாதிக் ஷரஃப்கந்தியும் 1992-இல் பெர்லின் உணவகமொன்றில் சுட்டுக் கொல்லப்பட்டார். மிதமாகக் கேட்டவர்களுக்கே இதுதான் கதி.

சிரியாவில் இந்தப் பிரச்சினை இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. 1962-இல் ஹசக்கா மாகாணத்தில் நடந்த கணக்கெடுப்பு சுமார் 120,000 குர்துகளின் குடியுரிமையைப் பறித்தது. அவர்களின் வாரிசுகள் நீண்ட காலம் நாடற்றவர்களாகவே வாழ்ந்தார்கள். 2012-இல் உள்நாட்டுப் போரின்போது அரசுப் படைகள் வடக்கிலிருந்து விலகியபோது, ஒச்சலானின் கொள்கையைப் பின்பற்றும் மக்கள் பாதுகாப்புப் படைகள் அங்கே பொறுப்பேற்றன. சிரியாவை உடைப்பது எங்கள் நோக்கமன்று என்று தொடக்கம் முதலே கூறிவந்தன. அரபுக் குழுக்களையும் சேர்த்து அமைந்த சிரிய ஜனநாயகப் படைகளின் தளபதி மஸ்லூம் அப்தி, 2025 மார்ச் 10 அன்று டமாஸ்கஸின் புதிய ஆட்சியாளர் அகமது அல்-ஷராவோடு இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். நாடு ஒன்றே என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. தகராறு வந்தது வேறிடத்தில்: குர்துப் படைவீரர்கள் தனித்தனி ஆளாகச் சிரிய இராணுவத்தில் சேர்வதா, தம் தளபதிகளோடு அணி அணியாகச் சேர்வதா என்பதில். முதலாவது சரணடைவு என்று ஒருவருக்குப் பட்டது. இரண்டாவது அரசுக்குள் இன்னோர் அரசு என்று மற்றவருக்குப் பட்டது.

துருக்கியிலோ, 2025 பிப்ரவரி 27 அன்று வெளியான அழைப்பில் ஒச்சலான் தனிநாடு, கூட்டாட்சி, நிர்வாகத் தன்னாட்சி ஆகிய மூன்றையுமே தீர்வல்ல என்று ஒதுக்கி, கட்சியைக் கலைக்கச் சொன்னார். மே மாதத்தில் கட்சி கலைப்பை அறிவித்தது. ஜூலை 11 அன்று சுலைமானியா அருகே 30 போராளிகள் தம் துப்பாக்கிகளைத் தீயிலிட்டார்கள். கேள்வியில் உள்ள இரண்டு தெரிவுகளையும் அந்த இயக்கம் இப்படித் தாண்டிப் போய்விட்டது.

கடைசியாக ஒன்று. குர்து இயக்கங்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈராக்கின் பர்சானி, தலபானி கட்சிகள் 1994 முதல் தமக்குள்ளேயே போரிட்டன. 1996 ஆகஸ்டில் எர்பிலைப் பிடிப்பதற்காக முஸ்தபாவின் மகன் மசூத் பர்சானி சதாம் உசேனின் படைகளையே துணைக்கு அழைத்தார். 2017-இல் கிர்குக் வீழ்ந்ததற்கும் தலபானி கட்சியைச் சேர்ந்த ஒரு பிரிவு பாக்தாதோடு ரகசியமாகப் பேசிப் பின்வாங்கியதே காரணம் என்று பர்சானி தரப்பு குற்றஞ்சாட்டியது. கூட்டாட்சி கிடைத்துப் பல ஆண்டுகள் கடந்த பின்னும், பெஷ்மெர்காவின் 80-ஆம் படைப்பிரிவு ஒரு கட்சியையும் 70-ஆம் படைப்பிரிவு மற்றொரு கட்சியையும் சார்ந்தே இயங்கின. அவற்றை ஒரே அமைச்சின் கட்டளைக்குக் கீழே கொண்டுவரும் சீர்திருத்தம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது.